பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன்

தேயிலையின் வரலாற்றைக் காட்சிக்கு வைப்பது சுலபம். கொழுந்தை உருட்டும் இயந்திரம், துரையின் மேசை, வெள்ளிக் கோப்பை, ஏலப் பதிவேடு எல்லாமே நூறு வருடம் கழித்தும் நிலைத்திருக்கும் சாமான்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பதை இலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்கள் யார் என்று கேட்டால்தான் சிக்கல். அவர்கள் விட்டுப்போனது ஒரு கம்பளி, ஒரு கூடை, நாலு சட்டிபானை. கம்பளி நைந்துபோனது, கூடை அடுப்பெரிக்கப் போனது.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் சேகரிப்பு வேலை பார்க்கிறேன். நானும் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பிறந்தவள்தான், அம்மா கொழுந்து எடுத்தவர். தோட்டத் தொழிலாளருக்கென்று தனியாக ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற எண்ணம் எங்களுடையது இல்லை. 2007-இலேயே கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றையே காட்சிக்கூடமாக மாற்றி அப்படியொன்றைத் திறந்துவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்ன இடங்களெல்லாம் அதைப் பார்த்துத் துணிச்சல் வந்தவைதான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்குச் சேர்த்து ஓரிடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, எங்க சனத்துக்கிட்ட என்ன பொருள் இருக்கு, எடுத்து வைக்கிறதுக்கு?"

பொருள் குறைவுதான், ஆனால் காகிதம் இருக்கிறது. அதுவும் சாதாரணமாக இல்லை. வசதியான குடும்பங்களில்கூடக் காணக்கிடைக்காத ஒழுங்கோடு இருக்கிறது. அதற்குக் காரணம் சட்டம். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான தோட்டத்துச் சனத்தில் ஆகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது, அதற்கும் அடுத்த வருடம் ஓட்டும் போனது. 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும். 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கல்யாணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் விடாமல் இங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். காணி உறுதி (நிலப் பத்திரம்) கிடையாது, வாடகைச் சீட்டு கிடையாது, பாதிப்பேருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. எதைக் காட்டுவது? விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாத பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தொழிற்சங்கச் சந்தாத் துண்டு, அம்மை குத்திய அட்டை, கோயில் திருவிழா ரசீது, பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ், வேலையை விட்டு நிறுத்தியபோது கொடுத்த பற்றுச்சீட்டு என்று எது கிடைத்தாலும் தகரப் பெட்டிக்குள் போனது. பிறகு 1964 அக்டோபர் 30-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் வைத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புதுப் படிவம், புது இலக்கம், புது முத்திரை. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் காம்பரா (அறை) ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஆவணக் காப்பகம் இருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையில்லை. சேர்த்து வைத்தவர்கள் ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை, பயத்தில் சேர்த்தார்கள். எங்கள் வேலையின் முறைகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

அதனால் முதல் விதி: பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். இதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னவர்கள் எல்லோரும் உத்தியோகத்தர்கள். கையில் ஃபைலோடு யாராவது இஸ்தோப்பில் (வாசல் திண்ணை) ஏறினாலே வயசானவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். "எதுக்கும்மா கேக்குறீங்க, பேரு வெட்டப் போறாங்களா?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. 2003-இல் வந்த சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று அவர்களிடம் விளக்கிப் பயனில்லை. பயம் சட்டப் புத்தகம் பார்த்து வருவதில்லையே.

நான் செய்வது இதுதான். என் அப்பாயியின் பெட்டியில் இருந்த காகிதங்களின் பிரதிகளை ஒரு பையில் கொண்டுபோவேன். தேத்தண்ணி குடிக்கும்போது அதை எடுத்துப் பாயில் பரப்புவேன். "இது எங்க அப்பாயியோட பற்றுச்சீட்டு. பேரத் தப்பா எழுதியிருக்காங்க பாருங்க." அவ்வளவுதான். அன்றைக்கு எதுவும் கேட்பதில்லை, கமரா பையை விட்டு வெளியே வருவதில்லை. அநேகமான வீடுகளில் இரண்டாம் முறை போகும்போது அவர்களே பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார்கள். சில வீடுகளில் வைக்க மாட்டார்கள். அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிதி கொடுக்கிறவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் இத்தனை வீடு, இத்தனை ஆவணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நினைத்துக்கொண்டு லயத்துக்குப் போனால் வேலை கெட்டுவிடும்.

இரண்டாவது, மூலப் பிரதியை எடுத்துக்கொண்டு வராதீர்கள். கொடுத்தாலும் வேண்டாம். அருங்காட்சியகத்தில் வேலை செய்கிற ஒருவர் இப்படிச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். எங்கள் பயிற்சி முழுவதும் பொருளை உள்ளே கொண்டுவருவது, எண் போடுவது, பூட்டுவது என்றுதான் இருக்கும். ஆனால் இந்தக் காகிதம் அந்த வீட்டில் இன்னும் வேலை செய்கிறது. பேத்தியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் எழுத்துப்பிழை என்றால், ஓய்வூதியப் பணம் எடுக்கப் போனால், காணி விஷயம் வந்தால், பழைய காகிதம் திரும்பவும் தேவைப்படும். நாங்கள் வீட்டிலேயே படமெடுத்துவிட்டு, நல்ல தாளில் அச்சடித்த பிரதி ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுத்து, மூலத்தை அதே பெட்டியில் வைத்துவிட்டு வருவோம்.

படமெடுப்பதற்குப் பெரிய ஸ்கேனர் தேவையில்லை. லயத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது, ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவும் முடியாது. காலை வெளிச்சத்தில் வாசலோரம் கறுப்புத் துணி விரித்து, காகிதத்தின் பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, கைபேசியை இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கிய ஒரு பலகையில் நேராக நிறுத்தி எடுத்தால் போதும். ஃபிளாஷ் வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுக்க வேண்டும். வெறுமை என்று நினைத்த பக்கத்தில் பென்சிலால் கடன் கணக்கு இருக்கும், பிள்ளை பிறந்த நேரம் இருக்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தோட்டம், கணக்கு (தோட்டத்தின் பிரிவு), லயத்தின் இலக்கம், குடும்பம் என்ற வரிசையில் வையுங்கள். தோட்டத்துக்கு இரண்டு பெயரையும் எழுத வேண்டும். பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் இருக்கும், தாத்தாவுக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர் மட்டும்தான். மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு ராமாயி இருப்பார்கள்.

அடுப்புப் புகை படிந்த காகிதத்தைப் பார்த்ததும் துடைக்கக் கை போகும். ஈரத் துணி கூடவே கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிவிட்டால் போதும், மிச்சக் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய எதிரி புகையே இல்லை, லெமினேட் கடை. "பத்திரமா இருக்கட்டும்னு பிளாஸ்டிக் போட்டேன்" என்று பெருமையோடு காட்டுவார்கள். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைக் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிப்பது அநேகமாக முடியாத காரியம். உள்ளே காகிதம் வருடா வருடம் பழுப்பாகிக்கொண்டே போகும். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிச் சங்கடப்படுத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மட்டும் சொல்லிவைப்போம். பழைய, நன்றாகத் துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைப்பது அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அப்புறம், காகிதங்களுக்குள் முரண்பாடு வரும். ஒரு சான்றிதழில் பிறந்த வருடம் ஒன்று, இன்னொன்றில் வேறொன்று. ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்கு முதலெழுத்து வேறுவேறு. இதைத் தவறென்று குறித்து வைக்கும் ஆசை ஆய்வாளருக்கு வரும். கொஞ்சம் பொறுங்கள். அந்த வருடத்தை யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக அப்படி எழுதச் சொல்லியிருக்கலாம். குடும்பம் பிரியாமல் இருக்கவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ, வேலைக்குப் பேர் பதியவோ. நாங்கள் உள்ளதை உள்ளபடி பதிவோம், ஆனால் பொதுமக்கள் பார்க்கும் பிரதியில் அடையாள இலக்கங்களையும் பிறந்த தேதிகளையும் மறைத்துவிடுவோம். சம்மதம் இரண்டு முறை வாங்குவோம், படமெடுக்கும்போது ஒன்று, காட்சிக்கு வைக்குமுன் இன்னொன்று. இரண்டாம் முறை வேண்டாம் என்றவர்கள் நிறைய.

நேரமும் காசுதான். பாட்டிகளிடம் பேச வாரநாளில் போகலாம். வேலையில் இருக்கும் பெண்ணிடம் அரைநாள் உட்கார்ந்து பேசினால் அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போய்விடும். 2021-இல் எவ்வளவோ இழுபறிக்குப் பிறகுதான் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. பிறகு அது கூடியிருக்கிறது, ஆனாலும் ஒரு நாள் கூலியில் பாதியை நம் ஆர்வத்துக்காக அவர் இழக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போங்கள், இல்லையென்றால் போன பேருக்குக் காசு கொடுங்கள். கணக்கில் அதை ஆலோசனைக் கட்டணம் என்று எழுதலாம். பேராசிரியருக்குக் கொடுத்தால் கேட்காத கேள்வியைத் தொழிலாளிக்குக் கொடுத்தால் கணக்காய்வாளர் கேட்பார். பதில் சொல்லத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

ஆலோசனை என்று நான் சும்மா எழுதவில்லை. ஒரு உதாரணம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கொழும்பு ஸ்டுடியோக்கள் இலங்கைப் படங்களை அஞ்சல் அட்டைகளாக அச்சடித்து விற்றன. கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண் அதில் ஓயாமல் வருவாள். அப்படிப்பட்ட சில அட்டைகளைப் பெரிதாக்கி அச்சடித்து, ஓய்வுபெற்ற கொழுந்துக்காரம்மாக்கள் கொஞ்சப் பேரை மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) கூட்டிவைத்துக் காட்டினோம். மினுமினுப்பில்லாத தாளாக இருந்தால் வயசான கண்ணுக்கு நல்லது. ஒரு படம் கைமாறிப் போனது. வரிசையில் நாலாவதாக உட்கார்ந்திருந்த அம்மாயி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இவ வேலைக்குப் போகல புள்ள. படம் புடிக்கப் போயிருக்கா."

"எப்படி அம்மாயி சொல்றீங்க?"

"படங்கு எங்க? இடுப்புல படங்கு கட்டாம காலையில தேயிலைக்குள்ள எறங்குனா சீல நனைஞ்சு காலோட ஒட்டிக்கும். இவ சீல கொசுவம் கலையாம நிக்குது. கூடக்கயித்தப் பாரு, தலையில அழுந்தவே இல்ல. வெறுங்கூட. ஒத்தக் கையில வேற எடுக்குறா. ஒத்தக் கையில எடுத்தா கணக்கப்பிள்ள உட்டுருவாரா?"

பக்கத்தில் இருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "காதுல தோடு, கழுத்துல அட்டியலு. கல்யாணத்துக்குப் போற நகைய மாட்டிக்கிட்டு மலைக்குப் போவாங்களாக்கும்" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. பிறகு இன்னொருவர் அந்தப் பெண்ணின் விரல் நுனியைக் காட்டி, கறையில்லை என்றார். கொழுந்து எடுத்த கையில் கறை போகாதாம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியுமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான், ஆனால் மற்றவை மறுக்க முடியாதவை.

இந்த வகை அஞ்சல் அட்டைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். அலங்கரித்து நிறுத்திய படங்கள் என்று அவையும் சொல்கின்றன. படங்கை யாரும் கவனித்ததாக நினைவில்லை. இப்போது அந்தப் படத்துக்குக் கீழே எங்கள் விளக்கம் இரண்டு வரிதான். மிச்சம் முழுவதும் அம்மாயிகள் சொன்னது, அவர்கள் சொன்ன மொழியிலேயே, அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் பெயரில். பக்கத்தில் ஒரு படங்கும், செடியின் மேல்மட்டம் பார்த்துக் கொழுந்து எடுக்க வைக்கும் மட்டக்கம்பும் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் சந்தை விலை எதுவுமில்லை. காட்சிக்கூடத்தில் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

பெயர் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வரலாற்றில் பெயர் காகிதத்தில் ஏறுவதற்குச் சாவு ஒரு வழியாக இருந்திருக்கிறது. முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். விசாரிக்க ஆணைக்குழு அமைத்தார்கள், அதனால் அவர் பெயர் நிலைத்தது. 1977-இல் டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்தபோது சுடப்பட்ட சிவனு லெட்சுமணனின் பெயரும் அப்படித்தான். ஆனால் 1864-இல் ஆதிலட்சுமி கப்பல் கவிழ்ந்து ஏறக்குறைய 120 தொழிலாளர்கள் போனார்களே, அவர்களை எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தபோது வாந்திபேதியில் விழுந்தவர்களுக்கு எண்ணிக்கையும் சரியாகக் கிடையாது. 2023-இல், தோட்டத்துச் சனம் இங்கே வந்த 200 வருட நினைவாக அதே வழியில், ஜூலை 28-இல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை நடந்தார்களே, அப்போது வழியில் வந்து சேர்ந்துகொண்ட பெரியவர்கள் பலரிடம் ஒரே ஒரு பெயர் இருந்தது, பாட்டனாரின் அப்பா பெயரோ, கூட்டி வந்த கங்காணி பெயரோ. அந்த ஒற்றைப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் எங்களுக்கு அன்றைக்கு வேலை.

பெயர்கள் மொத்தமாகக் கிடைக்கும் இடம் செக்ரோல், அதாவது நாள் வேலைப் பதிவேடு. 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குக் கைமாறியது. கை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய பதிவேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கின்றன. மிஞ்சியவை ஆபீஸ் பரணில் கிடக்கும். கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் 'வரலாற்று ஆவணம்' என்று எழுதினால் அவர்களின் சட்ட ஆலோசகருக்குப் போய்விடும், பிறகு வருடக்கணக்கில் பதில் வராது. எந்தப் புத்தகம், எந்த வருடத்து, எத்தனை மணிநேரம் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். செக்ரோல் கிடைக்காவிட்டால் பிள்ளைக்காம்பராப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய்மார்களின் பெயர்கள் அதில் நாள் வாரியாக இருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆயாம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். தோட்டத்துச் சனம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் மேடு பள்ளம் மறைந்துவிடும். பழைய குடும்பப் படம், எழுதி வைத்த வம்சாவளி, பித்தளைப் பாத்திரம் எல்லாம் கேட்ட உடனே கிடைக்கும் வீடு அநேகமாகப் பெரிய கங்காணி பரம்பரை வீடாக இருக்கும். நம்மை முதலில் வரவேற்பவரும் தோட்டத் தலைவராக இருப்பார். அங்கேயே நின்றுவிட்டால் நாம் காட்டுவது கங்காணிகளின் வரலாறு. கங்காணி எழுதி வைத்த கடனுக்காகத் தோட்டத்தை விட்டுப் போக முடியாமல் கிடந்தவர்களின் வரலாறு அதில் வராது. லயத்தின் கடைசிக் காம்பராவுக்கும் போக வேண்டும். முடிந்தால் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

தப்பு என்கிற பறை எங்களிடம் வந்தது அப்படித்தான். ஒரு காலத்தில் விடிகாலையில் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) அனுப்பியது தப்புச் சத்தம். மாசி மாதக் காமன் கூத்துக்கும் அதுதான், இழவு வீட்டுக்கும் அதுதான். வயசான கலைஞர் ஒருவர் தன் அப்பாவின் தப்பைக் காட்சிக்குத் தர முன்வந்தார். அவருடைய மகன் படித்த பையன், வேலையும் நல்ல வேலை. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சாவு வீட்டுக்கு அடிக்கச் சொல்லித்தான் எங்கள ஒதுக்கி வைச்சாங்க. அதையே கண்ணாடிப் பெட்டியில வைச்சு, இதுதான் இவங்கன்னு திரும்பவும் காட்டப் போறீங்களா?" என்று கேட்டான். அப்பா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "நான் அடிச்சா பத்து மலைக்குக் கேக்கும்டா" என்றார். இரண்டு பேரும் சொன்னதில் எதையும் என்னால் தள்ள முடியவில்லை. பறையை இசையாக மீட்டெடுக்கும் இளைஞர் குழுக்கள் இருக்கின்றன, அதை விட்டுத்தள்ளுவதுதான் விடுதலை என்கிறவர்களும் இருக்கிறார்கள். அருங்காட்சியகம் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மகன் சொன்னதை மகன் வார்த்தையில் எழுதுகிறோம், அப்பா சொன்னதை அப்பா வார்த்தையில், இரண்டும் ஒரே அளவு எழுத்தில் என்றேன். மகன் யோசித்துவிட்டு, தன் வார்த்தை முதலில் வர வேண்டும் என்றான். அப்படியே வைத்தோம்.

அப்பா போட்ட நிபந்தனை வேறு. மாசி பிறந்தால் தப்பு கூத்துக்கு வர வேண்டும். எங்களூர் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், பூஞ்சணம் பிடிக்கும். குளிரூட்டிய அறைக்கு எங்களிடம் காசும் இல்லை. வைக்கோல் நெருப்பில் காய்ச்சி, அடித்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தால் தோல் நன்றாகவே இருக்கிறது. ஆகவே இரவல் பத்திரத்தைத் தலைகீழாக எழுதினோம், வைத்துக்கொள்வது நாங்கள், எப்போது வேண்டுமானாலும் கேட்டு எடுப்பது அவர்கள். அந்த நாட்களில் காட்சிப் பெட்டியில் 'காமன் கூத்துக்குப் போயிருக்கிறது' என்று ஒரு அட்டை இருக்கும். வருகிறவர்கள் தப்பைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளைவிட அந்த அட்டையைப் பார்த்துக் கேட்பதுதான் அதிகம்.

சிங்களப் பார்வையாளர்கள் எங்களுக்கு நிறைய வருகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் முக்கியமாக. மூன்று மொழியிலும் விளக்கம் வைக்கிறோம். 1840-இன் முடிக்குரிய காணிச் சட்டத்தில், கண்டிக் கிராமத்தவர் உறுதி காட்ட முடியாத நிலங்கள் எப்படித் தோட்டமாக மாறின என்பதை முதல் சுவரிலேயே சொல்லிவிடுகிறோம். அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிற ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். கிராமத்திடம் உறுதி கேட்டதும் தோட்டத்திடம் பிறப்புப் பதிவு கேட்டதும் ஒரே ஆட்டம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு சிங்கள ஆசிரியைதான். 1977, 1983 கலவரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அவர்களாகப் பதியச் சொன்னால் மட்டும் பதிவேன்.

எந்தத் தோட்டத்துக்கு முதலில் போவது என்பதற்கு இப்போது எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, ஆட்களோடு பெட்டிகளும் போயின. அதிலிருந்து, மண்சரிவு அபாயம் என்று அறிவித்த சரிவுகளுக்குக் கீழே இருக்கும் லயங்கள்தான் பட்டியலில் முதலில். வரலாற்று முக்கியத்துவம், தோட்டத்தின் வயசு எல்லாம் பிறகு. அந்தக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் பிரதியின் இன்னொரு படியைச் சொந்தக்காரர் யாராவது வேறு ஊரில் இருந்தால் அவரிடமும் கொடுத்து வைக்கிறோம்.

வேறு ஊர் என்றால் சில வீட்டுக்கு அது இந்தியா. ஒப்பந்தப்படி போனவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகச் சிதறினார்கள். 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டங்களுக்கென்று நீலகிரிக்குப் போனவர்கள் பலர். பிரியும் முன்னால் டவுன் ஸ்டுடியோவுக்குப் போய் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்திருக்கிறது. இங்கே இருக்கும் பிரதியில் ஆட்களை அடையாளம் சொல்ல இப்போது யாரும் இல்லை. அப்படி ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினோம், கோத்தகிரியில் இருக்கும் ஒரு பெரியம்மா தன்னிடம் உள்ள பிரதியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். முன்வரிசை, பின்வரிசை, மடியில் இருக்கும் குழந்தை என்று வரிசையாகப் பெயர் எழுதியிருந்தது. இங்கே இருக்கும் தங்கச்சி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூன்றாவது பெயர் தப்பு, அது சின்னம்மா இல்லை, பக்கத்துக் காம்பரா அக்கா என்றார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் போனில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டில் இரண்டு பெயரையும் எழுதி, யார் சொன்னது என்றும் குறித்திருக்கிறோம்.

கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் சிலோன் படம், கப்பல் டிக்கெட், மண்டபம் முகாம் அட்டை, இங்கிருந்து போன கடிதம் எது இருந்தாலும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், எங்களுக்கும் வேண்டாம். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துப் பெயர்களைக் கேட்டு, தனித் தாளில் எழுதி, படத்தோடு சேர்த்து வையுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும். கடிதத்தைப் படமெடுத்தால் உறையையும் சேர்த்து எடுங்கள். தபால் முத்திரையில் எந்தத் தோட்டத்துத் தபாற்கந்தோர் என்று இருக்கும், எங்களுக்கு அதுவே ஒரு முகவரி.